உப்புவெளியில் பழைய கொரொல்லா 110ஆ, லீசிங்கில் வாகன்ஆரா?

எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. முற்றத்தில் நிற்பது கடன் எப்போதோ கட்டி முடிந்த டொயோட்டா கொரொல்லா 110. போன மாரிக்கு முதல் அதை விற்றுவிட்டு, 2017ஆம் ஆண்டு சுசுகி வாகன்ஆர் ஒன்றை லீசிங்கில் எடுக்கப் படிவம் நிரப்பும் வரை போனேன். கையெழுத்து வைக்கவில்லை.

பெற்றோலில் பழையது தோற்கும், அதில் வாதாட ஒன்றுமில்லை. 110 டவுனுக்குள் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடினாலே பெரிய விஷயம். மச்சானின் வாகன்ஆர் 20 ஓடுகிறது. ஆனால் நான் மாதம் ஓடுவதே 500 கிலோமீற்றர்தான். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால் மிச்சம் 7,500 ரூபாய். எனக்குச் சொன்ன தவணையோ மாதம் 80,000க்கு மேல், ஐந்து வருடத்துக்கு. லீசிங் முடியும்வரை ஃபுல் இன்சூரன்சும் கட்டியாக வேண்டும். தினமும் கந்தளாய் போய் வருகிறவர்கள் என் கணக்கைப் பார்க்காதீர்கள், உங்களுடையது வேறு.

'வாகனம் என்றால் விலை இறங்காது' என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு அது உண்மையாகத்தான் இருந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்தாயிற்று. இனி அந்த நம்பிக்கையில் கடன் எடுக்க எனக்குத் துணிவில்லை.

சரி, என்னை நிறுத்தியது இதெல்லாம் இல்லை. கறள்.

வாடைக் காற்று தொடங்கினால் காலையில் கண்ணாடியில் விரலை வைத்துப் பாருங்கள், உப்புப் பிசுபிசுக்கும். அதே உப்புத்தான் கதவின் அடித்தகரத்திலும், சில்லுக்கு மேல் வளைவிலும், பிரேக் குழாயிலும் படிகிறது. கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும். கடற்கரை மண் அவற்றை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்று தகரத்தைத் தின்னும். பிள்ளைகள் கடலில் குளித்துவிட்டு ஈரக் காலோடு ஏறுவார்கள், பாய்க்கு அடியில் என்ன நடக்கிறது என்று யார் தூக்கிப் பார்ப்பது? ஒருநாள் மச்சான் தூக்கினான். "அத்தான், கால் வைக்கிற இடத்தில றோட்டுத் தெரியுது!"

நான் செய்த மடத்தனமும் இருக்கிறது. வருடக்கணக்காக வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கழுவினேன், எங்கள் கிணறு உவர். போதாததற்கு இரவில் உறை போட்டு மூடி, ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்தேன். இப்போது குழாய்த் தண்ணீர்தான், கிழமைக்கு ஒருமுறை அடிப்பக்கத்துக்கும்.

புது வண்டிகளின் தகரத்துக்குக் கறள் தடுக்கும் பூச்சு நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உப்பு தகரத்தோடு நிற்காது, வயர் முனைகளுக்கும் போகும். மச்சானின் வண்டியில் ஒரு சென்சர் பிளக்கில் களிம்பு பிடித்து எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அதைக் கண்டுபிடிக்கவே மூன்று கராஜ் ஏறினான். என் 110இல் ஓட்டை விழுந்தால் தகர வேலை செய்யும் டிங்கர் பாஸ் அந்த இடத்தை வெட்டி, புதுத் தகரம் வைத்து ஒட்டிவிடுவார். இங்கே கிடைக்காத சாமானைக் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் வாங்கி இரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னால் விடிய வந்துவிடும்.

இன்னொன்று. லீசிங் வாகனத்தின் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று இருப்பது கம்பனியின் பெயர். கடலோரத்தில் எந்த வண்டியும் கறள் பிடிக்கத்தான் போகிறது. தவணை கட்டிக்கட்டி அடுத்தவன் பெயரில் இருப்பது கறள் பிடிப்பதைப் பார்க்க என்னால் முடியாது, கட்டி முடித்தது பிடித்துவிட்டுப் போகட்டும்.

வாகன்ஆரை நான் ஓட்டியது இரண்டு கிழமை மட்டும். முன் இருக்கைக்கு அடியிலுள்ள ஹைபிரிட் பற்றரி நம் வெயிலுக்கு எத்தனை வருடம் தாங்கும் என்பதை என்னைவிட மச்சானிடம் கேட்பதுதான் சரி. என் வண்டியில் காற்றுப்பை கிடையாது, அது உறுத்துகிறது. அதனால் கொழும்புக்கு இரவு ரயிலில்தான் போகிறோம்.

இந்தக் கிழமை என் 110இன் இடப்பக்கக் கதவடித் தகரத்தை வெட்டி மாற்றப் போகிறார்கள். இரண்டு நாளுக்குத் தன் வண்டியைத் தருகிறேன் என்றான் மச்சான். பெற்றோல் நான் அடிக்க வேண்டுமாம்.