சாண்டோரினி போகிறவர்கள் மேலிருந்து எடுத்த படத்தை நம்பிக் காசு கட்டாதீங்க

185,000 ரூபா. மட்டக்களப்பு டவுனில் ஒரு பயண முகவர் கடையில் கட்டிய காசு, திருப்பித் தரமாட்டோம் என்று இன்று காலை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

சுவிஸில் இருக்கும் தம்பியிடம் அம்மாவோடு போகும்போது கிரேக்கத்தில் இந்தத் தீவையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தோம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், படி ஏலாது, அதைக் கடையில் முதலே சொன்னேன். அங்கிருந்த பொடியன் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பி, வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கி, "அக்கா, இந்தா துறைமுகம், இந்தா உங்கட ரூம், இறங்கினா நடந்தே போயிரலாம்" என்று விரலை வைத்துக் காட்டினான். அம்மா கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்து, "கிட்டத்தானே மகள்" என்றார். அந்த இடத்திலேயே முழுக் காசையும் கட்டினேன்.

அவன் காட்டிய ஒரு விரல் அகலத்துக்குள் நிற்பது 200 மீற்றருக்கும் மேலான செங்குத்துப் பாறை! எரிமலை வெடித்து நடுப்பகுதி கடலுக்குள் இறங்கிப்போனதில் மிஞ்சிய விளிம்பு அது. உச்சியில் ஃபிரா ஊர், அடியில் பழைய துறைமுகம், நடுவில் 500க்கும் மேற்பட்ட படிகள், இல்லாவிட்டால் கேபிள் கார். அதைவிட, ஏதென்ஸ் பக்கமிருந்து வரும் பயணிகள் கப்பல் நம்மை இறக்குவது அங்கே இல்லை, தெற்கே அதினியோஸ் என்ற வேறு துறைமுகத்தில். டாக்சி பிடித்துப் போனால் ரூம் விளிம்புக்குக் கீழே, வாகனமே போகாத ஒடுங்கிய படிகளுக்கு அடியில். அம்மா சுவரைப் பிடித்து நாலு படி இறங்கினார், அதற்குமேல் முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேறு ரூமுக்கு இன்னொரு தடவை காசு.

வந்து கேட்டால், "படத்தில காட்டினது பொய்யா அக்கா?" நேர் மேலிருந்து பார்த்தால் மலையும் மட்டமாகத்தான் தெரியும் என்பது இதே தொழில் செய்கிறவனுக்குத் தெரியாதா? அப்புறம் முதலாளி கொழும்பில், ஹோட்டலோடு நீங்களே கதையுங்க, வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுப் பதிலே இல்லை. 185,000 ரூபா, சும்மா வந்த காசா?

சரி, கவனிக்க வேண்டியது. கூகுள் எர்த்தில் படத்தைச் சரித்துப் பாருங்க, பாறை எழும்பி நிற்கும். துறைமுகத்தின் பெயரையும் ரூமுக்கு எத்தனை படி என்பதையும் எழுத்தில் வாங்குங்க. முழுக் காசையும் முன்கூட்டிக் கட்டாதீங்க. ரசீதை வைத்திருங்க, நான் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறேன்.