கண்டிகோட்டா 'கேன்யன் வியூ' டென்ட்: 6,000 ரூபாய் போன கதை

ஆந்திராவில் கோட்டையும் ஆற்றுப் பள்ளத்தாக்கும் (கேன்யன்) இருக்கும் கண்டிகோட்டா போகத் திட்டமிடுபவர்கள் இன்ஸ்டாகிராமில் பார்த்த டென்டுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பிவிடாதீர்கள். நான் அனுப்பினேன்.

'பள்ளத்தாக்கு விளிம்பில் டென்ட், கண் விழித்தால் சூரிய உதயம்' என்று விளம்பரம். இரண்டு டென்ட், இரவுச் சாப்பாடு, கயாக்கிங் எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய். ஜிபேயில் போடும்போது கேம்ப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு ஆளின் பெயர் வந்தது. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து ரயிலில் கடப்பா. அங்கிருந்து காரில் ஜம்மலமடுகு வழியாகக் கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். வழி நெடுக லொகேஷன் கேட்டேன். 'வாங்க சார், வாங்க' என்பதுதான் பதில். ஜம்மலமடுகு தாண்டிய பிறகுதான் வந்தது. போய் இறங்கினால் சாலையோரப் பொட்டல் காடு. கோட்டைக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர் இருந்தது.

"கேன்யன் எங்கப்பா?" என்றேன். "காலையில ஜீப்ல கூட்டிட்டுப் போவோம் சார். ஜீப்புக்குத் தனியா ஐந்நூறு." கயாக்கிங் 'இன்னிக்கு இல்லை'. பதினைந்து டென்டுக்கு ஒரே கழிப்பறை, அதிலும் தண்ணீர் இல்லை. அம்மாவுக்கு மூட்டுவலி, அன்றிரவு அவர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

விஷயம் எளிது. பெண்ணாறு பாறையை அறுத்துக்கொண்டு ஓடும் அந்தக் காட்சி கோட்டைக்கு உள்ளே போய்ப் பார்ப்பது. மாதவராய சுவாமி கோயில், ஜாமியா மசூதி எல்லாம் தாண்டி நடந்தால் பாறை விளிம்பு வரும் (தடுப்பு கிடையாது, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்). அதனால் 'வியூ' என்று யார் சொன்னாலும் கோட்டை வாசலிலிருந்து எத்தனை தூரம் என்று கேளுங்கள், லொகேஷன் வந்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். கோட்டைக்குப் பக்கத்திலேயே ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா ஹோட்டல் இருக்கிறது. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் என் மகள் அந்த விளம்பரப் படத்தை கூகுளில் போட்டுத் தேடினாள். நதி ஒன்று குதிரை லாடம் போல வளைந்து ஓடும் படம். அது கண்டிகோட்டாவே இல்லை. அமெரிக்காவில் அரிசோனாவில் இருக்கும் ஹார்ஸ்ஷூ பெண்ட்!