ஐந்து பொத்தானும் ஒரு லிங்கனும்

2006 மாடல் லிங்கன் டவுன் கார் வைத்திருக்கிறேன். 4.6 லிட்டர் வி8, 239 குதிரைசக்தி, நான்கு கியர் ஆட்டோமேட்டிக், 18 அடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம். இதெல்லாம் தெரிந்த சங்கதி. நான் எழுத உட்கார்ந்தது டிரைவர் பக்கக் கதவில், கைப்பிடிக்கு மேலே வரிசையாக இருக்கும் ஐந்து பொத்தான்களைப் பற்றி.

இங்கே மிச்சிகனில் டிராய் பக்கம் குடியிருக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணா, டவுன் கார் ஒண்ணு விலைக்கு வருது. ஒரே ஓனர், வயசான பெரியவர் ஓட்டினது. வாங்கலாமா?” அவன் கேட்ட நேரம் சரியில்லை. ஒரு டயர் கடையில் என் வண்டிக்கு நடந்த கூத்தில் எனக்குத் தலை கொதித்துக்கொண்டிருந்த நேரம். அவனுக்கு என்ன சொன்னேன் என்பது பிறகு. முதலில் வண்டிக்குச் சேர வேண்டிய நியாயம்.

ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு எண்: 1-2, 3-4 என்று தொடங்கி 9-0 வரை. ஐந்து இலக்க எண்ணை அழுத்தினால் டிரைவர் கதவு திறக்கும். கையோடு 3-4 அழுத்தினால் மற்ற கதவுகள், 5-6 அழுத்தினால் டிக்கி. பூட்டுவதற்கு எண்ணே வேண்டாம். கடைசி இரண்டு பொத்தானையும் சேர்த்து ஓர் அமுக்கு, முடிந்தது. என் வண்டியில் 3-4 மட்டும் மற்றதைவிட மங்கிப் போயிருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் தனியாக எங்கும் போவதில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

லிங்கனைச் செய்யும் ஃபோர்டு கம்பெனி இதை 1980 மாடல் வண்டிகளில் கொண்டுவந்தது. பொத்தான் வைத்த ரிமோட் சாவி பரவலாக வருவதற்கு முந்தைய காலம். ரிமோட் வந்ததும் இது ஒழிந்திருக்க வேண்டும், ஒழியவில்லை. 2017 மாடல் லிங்கன் கான்டினென்டலில்கூட உண்டு. ஆனால் பொத்தானாக இல்லை. கதவுத் தூணின் பளபளக்கும் கறுப்புக்கு அடியில் ஒளிந்துகொண்டு, தொட்டால் மட்டும் எண் தெரியும். பார்க்க அழகு. எனக்கு அமுக்கினால் உள்ளே போகும் பொத்தான்தான் பிடிக்கும்.

வாங்கும்போது இதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. அருமை தெரிந்தது நோவை (Novi) ஊர் வெங்கடேஸ்வரர் கோயிலில். வேட்டிக்குப் பை ஏது? சாவியை இடுப்பில் செருகினால் நமஸ்காரம் பண்ணும்போது விழும். மனைவியின் கைப்பையில் போட்டால் அவர் பிரசாத வரிசையில் நிற்பார், நான் வாசலில் நிற்பேன். இப்போது சாவி, பர்ஸ், போன் எல்லாம் வண்டிக்குள்ளேயே. இரண்டு பொத்தானை அமுக்கிவிட்டு வெறுங்கையோடு உள்ளே போகலாம். கென்சிங்டன் பூங்கா ஏரியில் பிள்ளைகளோடு இறங்கும்போதும் அதே கதைதான். கரையில் துணிமூட்டைக்குக் காவல் உட்காரும் ஆள் எங்கள் வீட்டில் இப்போது கிடையாது.

குளிர்காலம் இன்னும் விசேஷம். மிச்சிகன் ஜனவரியில் கண்ணாடியில் படிந்த பனி உருக இன்ஜினைக் கால் மணி நேரமாவது ஓடவிட வேண்டும். சாவியை அதிலேயே விட்டு, கதவைச் சாத்தி, பொத்தானால் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போய்க் காப்பி குடிக்கலாம். திரும்பி வந்து எண்ணை அழுத்தினால் இதமான வண்டிக்குள் உட்காரலாம். சொந்த வீட்டு வாசலில் ஆளில்லாமல் வண்டியை ஓடவிட்டதற்குக்கூட இந்த மாநிலத்தில் முன்பு அபராதம் போட்டார்கள். 2017-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்தப் பயமும் போயிற்று.

பாதுகாப்பா என்று கேட்பவர்களுக்கு: ஐந்து பொத்தான், ஐந்து அழுத்தல் என்றால் மொத்தம் 3125 வழிகள்தான். பத்து எண் இருப்பதுபோல் தெரிவது தோற்றம். ஆனால் தொடர்ந்து தப்பாக அழுத்திக்கொண்டே போனால் சிறிது நேரம் எதுவும் வேலை செய்யாமல் முரண்டு பிடிக்கும். திருட வருகிறவனுக்கு அந்தப் பொறுமை இருந்தால் வேறு நல்ல வேலைக்கே போயிருப்பான்.

சொகுசு வண்டி என்றால் தோலிருக்கையும் மரப்பலகையும்தான் எல்லோரும் பேசுகிறார்கள். லிங்கனின் பூர்வீகம் அலங்காரமே இல்லை, துல்லியம். ஆரம்பித்தவர் ஹென்றி லேலண்ட். இயந்திரப் பாகங்களை மயிரிழை பிசகாமல் செதுக்கவைப்பதில் பெயர் பெற்ற மனிதர். 1902-இல் ஹென்றி ஃபோர்டு ஒரு கம்பெனியைவிட்டுக் கோபித்துக்கொண்டு வெளியேறினார். மிச்சமிருந்த இயந்திரங்களை மதிப்புப் போட்டு விற்கலாம் என்று பங்குதாரர்கள் லேலண்டைக் கூப்பிட்டார்கள். அவரோ விற்காதீர்கள், வண்டி செய்யுங்கள் என்றார். அதுதான் காடிலாக் ஆயிற்று. 1908-இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தில் மூன்று காடிலாக்குகளைக் கழற்றி, பாகங்களை ஒன்றாகக் கலந்து, மறுபடி மூன்று வண்டியாகப் பூட்டி ஓட்டிக் காட்டினார்கள். ஒரு வண்டியின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாமல் அரத்தால் ராவிச் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. அதற்காக இங்கிலாந்து மோட்டார் சங்கத்தின் டூவர் கோப்பையே கிடைத்தது.

முதல் உலகப் போரில் விமான இன்ஜின் செய்வதில், காடிலாக்கை வாங்கியிருந்த ஜெனரல் மோட்டார்ஸின் தலைமையோடு முட்டிக்கொண்டு 1917-இல் லேலண்ட் வெளியே வந்தார். எழுபது வயதைத் தாண்டிய ஆள், மகனோடு சேர்ந்து புதிதாக ஒரு கம்பெனி தொடங்கினார். 1864-இல் தான் முதன்முதலாக ஓட்டுப் போட்ட ஆபிரகாம் லிங்கனின் பெயரையே அதற்கு வைத்தார். போர் முடிந்ததும் காருக்கு மாறினார்கள். வண்டி நன்றாக இருந்தது, கணக்கு நன்றாக இல்லை. 1922-இல் கம்பெனி ஏலத்துக்கு வந்தபோது 80 லட்சம் டாலருக்கு வாங்கியவர் யார்? ஹென்றி ஃபோர்டு! இருபது வருஷத்துக்கு முன் தன் கம்பெனியை மதிப்புப் போட வந்தவரின் கம்பெனியை. சில மாதத்தில் லேலண்ட் அப்பா, மகன் இருவரும் வெளியேற வேண்டியதாயிற்று. நேர்ந்தது தற்செயலா, பழி தீர்த்தலா என்று டெட்ராய்ட் ஆட்கள் இன்றும் ரசித்துப் பேசுவார்கள். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

லிங்கனுக்கு அழகு வந்தது ஹென்றியின் மகன் எட்சல் ஃபோர்டால். ஃபுளோரிடாவுக்கு விடுமுறை போக தனக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்று வடிவமைப்பாளர் பாப் கிரெகரியிடம் வரையச் சொன்னார். 1939-இல் அவர் அதை ஓட்டிப் போக, பார்த்தவர்கள் எல்லாம் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்க, அது கான்டினென்டல் என்று விற்பனைக்கே வந்தது. எட்சல் 1943-இல் போய்விட்டார். அப்புறம் 1961 கான்டினென்டல். எல்வுட் எங்கல் வடிவமைத்தது. பின்கதவுகள் எதிர்ப்பக்கமாகத் திறக்கும், மேலே ஒட்டுச் சமாச்சாரம் எதுவும் இல்லாத நேரான உடம்பு. ஊரிலிருந்து யார் வந்தாலும் டியர்பார்ன் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவேன். கென்னடி சுடப்பட்டபோது உட்கார்ந்திருந்த வண்டி அங்கேதான் இருக்கிறது, அதுவும் 1961 கான்டினென்டல்தான். எல்லோரும் திகைத்துப் போகும் செய்தி ஒன்று உண்டு: அந்த வண்டியை அழிக்கவில்லை. குண்டு துளைக்காத கூரை போட்டு, கறுப்பு அடித்து, 1977 வரைக்கும் அடுத்தடுத்த அதிபர்களுக்கு ஓட்டினார்கள். மாமா ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் கேட்டது: “மைலேஜ் எவ்வளவு தரும்?”

என் வண்டிக்கு அப்பேர்ப்பட்ட வம்சப் பெருமை கிடையாது. டவுன் கார் தனி மாடலாக வந்தது 1981-இல். போலீஸ்காரர்கள் ஓட்டிய கிரவுன் விக்டோரியாவும் இதுவும் ஒரே இரும்புச் சட்டத்தின் (சேஸிஸ்) மேல் ஏறியவை. சட்டம் தனி, உடம்பு தனி என்கிற பழைய லாரி முறை. அதனால் அடி வாங்கும், ஆறப் போடலாம், மறுபடி ஓடும். நியூயார்க் வாடகைக் கம்பெனிகளும் விமான நிலைய டிரைவர்களும் இதைக் கட்டிக்கொண்டு அழுததற்குக் காரணம் சொகுசு மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் வேலைக்கு வந்து இறங்கிய நம்மவர்கள் நிறையப் பேர் அமெரிக்காவில் முதன்முதலாக ஏறிய வண்டியும், கம்பெனி அனுப்பிய கறுப்பு டவுன் கார்தான். முன்னால் மூன்று, பின்னால் மூன்று என்று ஆறு பேர் உட்காரலாம். கியர் ஸ்டீயரிங்கின் பக்கத்தில். டிக்கியில் 23 கிலோப் பெட்டிகள் நான்கு போட்டாலும் ஊறுகாய் டப்பாவுக்கு இடம் இருக்கும்.

பெட்டிகளை ஏற்றியதும் பின்பக்கம் தாழும். இன்ஜினைக் கிளப்பினால் முன்னால் கம்ப்ரசர் மெதுவாக முனகும். சுமையைத் தோளில் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்கும் கூலிக்காரரைப் போல வண்டியின் பின்புறம் மேலே வரும். பின்சக்கரங்களுக்கு இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றுப் பைகள். சாலை எவ்வளவு குண்டும் குழியுமாக இருந்தாலும் (மிச்சிகன் சாலைகள் அப்படித்தான்) உள்ளே காப்பி தளும்பாது.

இங்கேதான் டயர் கடை வருகிறது. டிக்கிக்குள் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. வண்டியை ஜாக்கியில் தூக்குவதற்கு முன் அதை அணைக்க வேண்டும். காரணம் எளிது. தூக்கினால் சக்கரம் கீழே தொங்கும். வண்டி ரொம்ப உயரமாகிவிட்டது என்று சென்சார் நினைத்துக்கொண்டு காற்றை வெளியேற்றிவிடும். அப்புறம் வண்டியை இறக்கினால் காற்றில்லாத பை தாறுமாறாக மடிந்து நசுங்கும். சாவி கொடுக்கும்போதே சொன்னேன். சீட்டில் எழுதவும் சொன்னேன். எழுதினார்கள், பெரிய எழுத்தில். எழுதியதைப் படிக்கத்தான் ஆள் இல்லை. நான் போனபோது வண்டி பின்பக்கம் குந்திக்கொண்டு நின்றது. இடது பக்கப் பை கிழிந்திருந்தது. கல்லாவில் இருந்தவர் “பழைய வண்டி சார், எப்படியும் போற நேரம்தான்” என்று தோளைக் குலுக்கினார். ரப்பருக்கு வயதாகும், மறுக்கவில்லை. காலையில் ஆறு மைல் நிமிர்ந்து ஓடிவந்த வண்டி மத்தியானம் தானாகவா குந்தும்? போதாக்குறைக்கு, காற்றுப் பையே வேண்டாம், இரும்புச் சுருள் போட்டுத் தருகிறோம், மலிவு என்று யோசனை வேறு. போட்டால் ஓடும்தான். டவுன் காருக்குச் சுருள் மாட்டுவதற்குப் பேசாமல் டாக்ஸியை வாங்கிக்கொள்ளலாம். வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் இரண்டு பையும் மாற்றினேன். பில்லை நான் மட்டும் கட்டினேன்.

இந்தக் கோபத்தில்தான் தம்பிக்குப் பதில் போட்டேன்: வாங்காதே. பெட்ரோல் ஊருக்குள் கேலனுக்குப் பதினைந்து, பதினாறு மைல். கார் ஷெட்டில் இதை நிறுத்தினால் சைக்கிளுக்கு இடம் கிடையாது. திருப்புவதற்கு ஒரு தெரு வேண்டும். 2011 ஆகஸ்டில் கடைசி வண்டி கனடாவின் செயின்ட் தாமஸ் ஆலையிலிருந்து வெளியே வந்ததோடு கதை முடிந்தது. என் வண்டி பிறந்த விக்ஸம் ஆலை, வீட்டிலிருந்து பத்து நிமிஷம், 2007-லேயே மூடி அப்புறம் இடித்தும் விட்டார்கள். 2020-இல் கான்டினென்டலும் நின்றுபோய், இப்போது அமெரிக்காவில் லிங்கன் என்றால் எஸ்யூவி மட்டும்தான். அதிலும் நாட்டிலஸ் என்கிற மாடல் சீனாவிலிருந்து கப்பலில் வருகிறது. வண்டி நல்ல வண்டியாகவே இருக்கட்டும். தாழ்வாக, நீளமாக ஒரு செடான் செய்யத் தெரியாத லிங்கனுக்கு அந்தப் பெயர் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தம்பிக்கு ஒரு டொயோட்டா போதும்.

அதையும் மீறி வாங்கத்தான் போகிறேன் என்பவர்கள், வண்டியைப் பார்க்கப் போனதும் இன்ஜினைத் திறக்க வேண்டாம். டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து, தொழிற்சாலை வைத்த ஐந்து இலக்க எண் அச்சடித்த சிறிய அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அதை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தவர் ஆயிலையும் நேரத்துக்கு மாற்றியிருப்பார். வண்டியின் தயாரிப்பு எண்ணில் (VIN) பதினோராவது எழுத்து ‘ஒய்’ என்றால் விக்ஸம், ‘எக்ஸ்’ என்றால் செயின்ட் தாமஸ். ஓட்டுவதில் வித்தியாசம் ஒன்றும் இல்லை, எனக்கு ‘ஒய்’ பிடிக்கும், அவ்வளவுதான். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள்; பின்பக்கம் தாழ்ந்திருந்தால் பையில் ஓட்டை, விலையில் குறைக்கச் சொல்லுங்கள். டயர் மாற்றப் போனால் சீட்டில் எழுதச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பையன் ஜாக்கியைக் கையில் எடுப்பதற்குள் டிக்கியைத் திறந்து, அந்த ஸ்விட்சை நீங்களே அணைத்துவிட்டு, வண்டி இறங்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.