அழித்துவிட்டேன் என்று சொல்லி மூடிக் கொடுத்த பிளேயர் மேப்

டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக விளையாடும் கதை ஆட்டம்) நடத்துகிறவர்கள், குறிப்பாக ஆன்லைனில் யாரையாவது பிடித்து மேப் எடிட் செய்து வாங்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 8 மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம் எனக்கு அரை நொடியில் போய்விட்டது. அரை நொடி என்று பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அவ்வளவுதான். அதற்கு வருகிறேன்.

என்னிடம் இருந்தது ஒரு நிலத்தடிக் கல்லறையின் மேப். தனியாக மேப் வரைந்து விற்கிற ஓவியர் ஒருவரிடம் பிடிஎஃப்பாக வாங்கியது, சொந்த மேசையில் பயன்படுத்திக்கொள்ள மட்டும் உரிமம். அகலம் 42 கட்டம், உயரம் 30 கட்டம், கட்டத்துக்கு 5 அடி. ஜிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர், பார்ப்பதற்கான மேப் என்பதால் சகலமும் அதில் எழுதியிருந்தது. 23 அறைகளுக்கும் எண், 6 பொறிகளுக்குக் குறி, ரகசியக் கதவு இருக்கிற 4 இடங்களில் சுவரை வெட்டி நடுவில் வழக்கமான அந்த எஸ் எழுத்து. அதோடு, ஓவியர் காலியாக விட்டிருந்த கடைசி அறையில் யார் படுத்திருக்கிறார் என்று நானே டைப் செய்து சேர்த்த பெயர். அந்தப் பெயர்தான் கேம்பைனின், அதாவது மாதக்கணக்கில் தொடர்ந்து ஓடும் எங்கள் கதையின், முடிச்சே. விளையாடுகிறவர்களுக்குக் கொடுக்க இதெல்லாம் இல்லாத ஒரு பிரதி வேண்டும், அதுதான் பிளேயர் மேப். கிம்ப், கிரிட்டா என்று படம் திருத்தும் மென்பொருள் எல்லாம் என் கணினியிலும் இருக்கிறது, ஆனால் நான் குளோன் டூலை (படத்தின் ஒரு பகுதியை நகலெடுத்து இன்னோர் இடத்தில் பூசும் கருவி) தொட்டால் கல்சுவர் கரி பிடித்த மாதிரி ஆகிவிடும்.

(இந்த வகை ஆட்டமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வந்த காலத்தில் இந்தத் தலைவலியே கிடையாது. ஜிஎம் வாயால் சொல்வார், விளையாடுகிறவர்களில் ஒருவர் கிராஃப் தாளில் வரைந்துகொண்டே போவார், தப்பாக வரைந்தால் அது அவர்கள் பாடு. அந்த முறையிலேயே இருந்திருக்கலாம் என்று இந்த ஒரு மாதத்தில் பல தடவை நினைத்துவிட்டேன்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சின்னச் சின்ன வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு தளத்தில்தான் மேப் எடிட் செய்து தருகிறவர் ஒருவரைக் கண்டுபிடித்தேன். பெயர் சொல்லப்போவதில்லை, அதே மாதிரி கடை விரித்தவர்கள் அங்கே நிறையப் பேர். மாதிரிக்கு அவர் போட்டிருந்த படங்கள் கண்ணைப் பறித்தன. நான் ஒரு பக்கம் முழுக்க என்ன வேண்டும் என்று எழுதி அனுப்பினேன், எதை எடுக்க வேண்டும், கட்டம் எத்தனை பிக்சல், அச்சுக்குத் தனியாக ஒரு கோப்பு என்று வரிவரியாக. 5 நிமிடத்தில் பதில் வந்தது: “ப்ரோ, ஒரு தடயம்கூட இருக்காது, 4 நாள்ல முடிச்சிடலாம்.” ஒரு பக்கத்தை 5 நிமிடத்தில் படித்து ஒரே ஒரு கேள்விகூடக் கேட்காத ஆளிடம் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வேலை குவிந்து கிடக்கிறது, முழுப் பணமும் முன்னாலேயே வந்தால் உங்களுடையதை முதலில் எடுத்துக்கொள்கிறேன் என்றார். கொடுத்தேன்.

4 நாள் 11 நாளாகி, ஞாயிற்றுக்கிழமை செஷன் (நாங்கள் கூடி விளையாடும் நாள்) என்றால் வெள்ளி நள்ளிரவில் கோப்புகள் வந்தன. ஒரு பிடிஎஃப், ஒரு பிஎன்ஜி, அச்சுக்கு ஒரு பெரிய படம். படுக்கையில் படுத்தபடியே போனில் திறந்தேன், எண்களைக் காணோம், எஸ்ஸைக் காணோம், அழகாகத்தான் இருந்தது. வேலை திருப்தி என்று தளத்தில் அழுத்திவிட்டுத் தூங்கிவிட்டேன். இதை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள். அந்தப் பொத்தானை அழுத்திய பிறகு நீங்கள் என்ன கத்தினாலும் அந்தத் தளத்துக்குக் காது கேட்காது.

சனிக்கிழமை மாலை பிடிஎஃப்பை எங்கள் குழுவுக்கு அனுப்பினேன். 10 நிமிடம் கழித்து ஒருவன் கூப்பிட்டான். அவனிடம் இருப்பது ஆமை வேகத்தில் ஓடுகிற ஒரு பழைய டேப்லட். “டேய், நான் வேணும்னு பாக்கலடா. பக்கம் தொறக்கும்போது ஏதோ எழுத்தெல்லாம் மின்னிட்டுப் போச்சு, அப்புறம் காணாமப் போயிடுச்சு. கடைசி ரூம்ல இருந்தது நம்ம குருவோட பேரா?”

ஆமாம், குருவின் பெயர்தான். முதல் செஷனிலிருந்து அவர்களுக்கு வழிகாட்டி வந்த, பாதியில் இறந்துபோன, அவர்கள் கண் கலங்கி வழியனுப்பிய அதே குரு.

கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. எடிட் செய்தவர் எதையும் அழிக்கவே இல்லை. என் பிடிஎஃப்பின் மேலேயே, காகித நிறத்தில் சின்னச் சின்னச் செவ்வகங்களை ஒட்டியிருக்கிறார். பிடிஎஃப் என்பது திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் வரையப்படும், அடியில் இருப்பது முதலில், மேலே இருப்பது பிறகு. வேகமான கணினியில் கண்ணுக்குத் தெரியாது. மெதுவான டேப்லட்டில் அடியில் இருப்பது முதலில் தெரிந்துவிட்டு அப்புறம் மூடிக்கொள்ளும், அந்த அரை நொடி அதுதான். இன்னும் கொடுமை, பக்கத்தில் உள்ளதையெல்லாம் தேர்ந்தெடுத்து நகலெடுத்து ஒரு நோட்பேடில் ஒட்டினால் 23 எண்கள், பொறிகளின் பெயர்கள், குருவின் பெயர், எல்லாம் அச்சுப் பிசகாமல் வந்து விழுந்தன. தேடல் பெட்டியில் எஸ் என்று தட்டினால் 4 கதவுகளின் மீதும் போய் நின்று மஞ்சள் அடித்துக் காட்டுகிறது. ஜிஎம் மேப்பையே கொடுத்திருந்தால்கூட இவ்வளவு வசதியாக இருந்திருக்காது.

போகட்டும், பிஎன்ஜியாவது தேறும் என்று பார்த்தேன். அதில் எழுத்துகள் நிஜமாகவே இல்லை, ஆனால் எஸ்ஸை எடுத்த கையோடு இரண்டு இடங்களில் சுவரையும் எடுத்துவிட்டிருந்தார், ரகசியக் கதவு இருந்த இடத்தில் இப்போது வாசல் மாதிரி ஒரு ஓட்டை. மூன்றாவது இடத்தில் வேறெங்கிருந்தோ ஒரு துண்டுச் சுவரைக் கொண்டுவந்து ஒட்டியிருந்தார், மேப் முழுக்க நிழல் வலது பக்கம் விழ அந்த ஒரு துண்டுக்கு மட்டும் இடது பக்கம் விழுந்தது. நான்காவது கதவை ஒழுங்காகவே அடைத்திருந்தார், நல்ல வேலை, மறுக்கவில்லை, ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிற அறையை அப்படியே விட்டுவிட்டார். நாலு பக்கமும் சுவர், எந்தப் பக்கமும் வாசல் இல்லாத ஓர் அறை. எந்தக் குழுவாக இருந்தாலும் மேப்பைப் பார்த்த மாத்திரத்தில் நேராக அங்கேதான் போய்ச் சுவரைத் தட்டும்.

இந்த வேலையைச் செய்கிற பலருக்குப் பிளேயர் மேப் என்றால் என்ன என்பதே தெரியவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. குறிகளை எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்தக் கதாபாத்திரங்கள் அந்த இடத்தில் நின்றால் கண்ணுக்கு என்ன தெரியுமோ அதுதான் மேப்பில் இருக்க வேண்டும். சுவர் தெரியும் என்றால் பக்கத்துச் சுவர் மாதிரியே கல்லும் நிழலுமாக முழுச் சுவர் வேண்டும். மறைந்திருக்கும் அறை தெரியாது என்றால் அறையே இருக்கக் கூடாது, அதை எடுத்த இடத்தில் பாறையைக் காட்டும் அந்தக் குறுக்குக்கோடுகள் இடைவெளி இல்லாமல் ஓட வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிலும் கோடு போட்டு நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு சதுரம் பல்லிளிக்கும். தரையில் பொறி இருக்கிற கட்டத்தின் ஓடு மட்டும் கொஞ்சம் மங்கலாக இருந்தால்கூடப் போதும், எங்கள் குழுவில் ஒருத்தி கண்டுபிடித்துவிடுவாள், அவளுக்கு இதே வேலை.

அப்புறம் கட்டம். நாங்கள் பாதிப் பேர் ஃபவுண்ட்ரியில்தான் (மேப்பைத் திரையில் வைத்து ஆன்லைனில் விளையாட உதவும் மென்பொருள்) விளையாடுகிறோம், அதனால் கட்டத்துக்கு 100 பிக்சல் கேட்டிருந்தேன். 42-க்கு 30 என்றால் படம் 4200-க்கு 3000 இருக்க வேண்டும், வாய்ப்பாடு தெரிந்தால் போதும். வந்தது 4117-க்கு 3000. உயரம் சரி, அகலம் மட்டும் நசுங்கியிருக்கிறது, எதற்காகவோ இழுத்துச் சுருக்கியிருக்கிறார். ஒரு கட்டத்துக்கு 2 பிக்சல்தானே குறைகிறது என்று தோன்றும். இடது ஓரத்திலிருந்து 25 கட்டம் நகர்ந்தால் கட்டம் பாதி தள்ளிப்போயிருக்கும், டோக்கன், அதாவது கதாபாத்திரத்தைக் குறிக்கும் காய், பாதி உடம்பு தாழ்வாரத்திலும் பாதி சுவருக்குள்ளுமாக நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் குறைந்திருந்தால் கட்டத்தின் அளவை 98 என்று மாற்றிச் சமாளித்திருப்பேன். ஒரு பக்கம் மட்டும் நசுங்கினால் அதுவும் முடியாது, படத்தையே திரும்ப இழுக்க வேண்டும்.

அச்சுக் கோப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டத்துக்கு 1 அங்குலம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்று கேட்டேன், கணக்குப்படி அகலம் 12,600 பிக்சல். இருந்த சின்னப் படத்தையே ஏதோ ஏஐ கருவியில் போட்டு ஊதிப் பெருக்கிக் கொடுத்துவிட்டார். படிக்கட்டுகள் மீன்முள் மாதிரி ஆகிவிட்டன, திசைகாட்டி ஒரு பூவாக மலர்ந்திருந்தது.

ஆத்திரத்தில் அவருடைய பக்கத்துக்குப் போய், மாதிரிப் படங்களை ஒவ்வொன்றாகப் படத்தைக் கொண்டே தேடும் வசதியில் போட்டேன். பார்த்தவரை எல்லாமே வேறு ஓவியர்கள் வரைந்தவை, ஓரத்தில் இருந்த கையெழுத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார். கடைசியாகப் புதிதாக ஒரு மாதிரி ஏற்றியிருந்தார், ‘முன்’, ‘பின்’ என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படம். அது என் கல்லறை. ‘முன்’ படத்தில் 4 எஸ்ஸும், 6 பொறியும், குருவின் பெயரும் ஊரறியத் தொங்கிக்கொண்டிருந்தன. வேறொருவர் வரைந்து, என் மேசைக்கு மட்டும் என்று உரிமம் கொடுத்த மேப், என் கை வழியாகப் பொதுவெளிக்குப் போயிருக்கிறது. பணம் போனதைவிட இதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

அவருக்கு எழுதினேன். முதலில் “ப்ரோ, உங்க சாஃப்ட்வேர் பிரச்சனையா இருக்கும்” என்றார், பிறகு நோட்பேடில் வந்து விழுந்ததைப் படம் பிடித்து அனுப்பியதும், “கண்ணுக்குத் தெரியாம இருக்கணும்னுதானே கேட்டீங்க, தெரியலையே” என்றார். இந்த வாதத்தை நான் இன்னும் ரசித்துக்கொண்டிருக்கிறேன். தளமோ, நீங்கள் திருப்தி என்று அழுத்திவிட்டீர்கள், இனி தலையிட முடியாது என்று கைவிரித்தது. அந்த மாதிரிப் படத்தை மட்டும் எடுக்கவைக்க முடிந்தது, அதற்கே 3 புகார்.

நீங்கள் யாரிடமாவது இப்படி வாங்கினால் கணினியில் திறந்து பாருங்கள், போனில் பார்த்தது பார்த்ததாகாது. பிடிஎஃப் என்றால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், ஒரு எழுத்து வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். நல்ல வழி, பிளேயர்களுக்குப் பிடிஎஃப்பே கொடுக்காமல் ஒரே லேயராக, அதாவது ஒரே அடுக்காக, தட்டையாக்கிய படமாகக் கொடுப்பது. பிஎன்ஜியிலும் ஒரு கண்ணி உண்டு, அழித்த இடம் வெறுமனே ஒளிபுகும்படி விடப்பட்டிருந்தால் அந்தப் பிக்சல்களின் பழைய நிறம் உள்ளேயே உறங்கிக்கொண்டிருக்கலாம், கிம்ப்பில் சேமிக்கும்போது அந்த நிறத்தை வைத்துக்கொள்வதற்கென்றே ஒரு டிக் இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். கான்ட்ராஸ்டை உச்சத்துக்கு ஏற்றிப் பார்த்தால் ஒட்டுப்போட்ட இடங்கள் தேமல் மாதிரி தெரியும். ஒரு டோக்கனை வலது கீழ் மூலையில் கடைசிக் கட்டத்தில் வைத்துப் பாருங்கள், அங்கே சரியாக உட்கார்ந்தால் எங்கும் உட்காரும். கோப்பின் பெயரையும் பாருங்கள், எனக்கு வந்த கோப்பின் பெயரில் ‘சீக்ரெட் டோர் இல்லாதது’ என்று எழுதியிருந்தது, அதை நான் அப்படியே குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. ஃபாக் ஆஃப் வார் (விளையாடுகிறவர்கள் இன்னும் பார்க்காத இடங்களைத் திரையில் மறைக்கும் மூடுபனி) போட்டு மூடிவிட்டால் போதுமே, மேப்பில் என்ன இருந்தால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். மூடுபனி திரையில்தான் இருக்கிறது. படம் முழுசாக விளையாடுகிறவரின் பிரௌசருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது, குறும்புக்காரர் ஒருவர் அந்தப் படத்தின் முகவரியைத் தனியாகத் திறந்தால் மொத்தமும் தெரியும். ஃபவுண்ட்ரியில் ரகசியக் கதவுக்கென்றே தனிச் சுவர் வகை இருக்கிறது, ஜிஎம் கண்ணுக்கு மட்டும் அடையாளம் தெரியும். ஃபவுண்ட்ரி மாதிரியே இன்னொன்றான ரோல்20-இல் ஜிஎம்முக்கென்று தனி லேயர் இருக்கிறது. படத்தில் முழுச் சுவராக வைத்துக்கொண்டு கதவை இங்கே போடுவதுதான் உருப்படியான வழி.

மேப் வரைந்த ஓவியருக்கு நடந்ததை மறைக்காமல் எழுதி மன்னிப்புக் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது, கோபமே இல்லை. கடைசியில் ஒரு வரி: கணினியில் பிடிஎஃப்பைத் திறந்து இடது ஓரத்தில் லேயர் பட்டியலைப் பாருங்கள், ஜிஎம் என்று ஒன்று இருக்கும், அதன் கண்ணை மூடிவிடுங்கள். மூடினேன். எண், பொறி, எஸ், வாசல் இல்லாத அந்த அறை, எல்லாம் போய் முழுச் சுவர் நின்றது. மிஞ்சியது நான் டைப் செய்த பெயர் மட்டும், அதைச் சேர்த்த நானே எடுத்திருக்கலாம். பிடிஎஃப்பில் இந்த லேயர் வசதி 2003-லிருந்து இருக்கிறதாம். நான் போனிலேயே பார்த்துப் பழகியவன், அந்தப் பட்டியல் என் கண்ணில் பட்டதே இல்லை.

செஷனை இரண்டு வாரம் தள்ளிவைத்தேன். குருவின் பெயர் தெரிந்த விஷயம் தெரிந்ததுதான், அதைக் கதைக்குள்ளேயே ஒரு கனவாக ஆக்கிச் சமாளித்தாயிற்று. 4 ரகசியக் கதவுகளையும் இடம் மாற்றிவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. போன ஞாயிறு முழுக்க மூன்று பேர் பழைய இடத்துச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், நான் முகத்தை வைத்துக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.