வாடகை சர்வரில் ஐபிவி6: சில வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சின்னக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றை நடத்துகிறேன். திருநெல்வேலி டவுன் ரதவீதியில் பாத்திரக் கடைகள், பாவூர்சத்திரத்தில் காய்கறி கமிஷன் கடைகள், வள்ளியூரில் ஹார்டுவேர் கடை என்று எல்லாருக்கும் ஒரே விபிஎஸ்தான், அதாவது ஒரு பெரிய மெஷினில் பங்கு பிரித்து வாடகைக்கு விடும் சர்வர். சர்வர் மும்பையில் இருக்கிறது. வாடகைக்கு எடுக்கும்போது ஓர் ஐபிவி4 முகவரி, அதாவது இணையத்தில் சர்வரை அடையாளம் காட்டும் எண், கூடவே வந்தது. அப்புறம், அதைவிட நீளமான புதுத் தலைமுறை முகவரியான ஐபிவி6-ஐயும் சேர்த்தேன். இப்போது சில வருஷமாக இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. நம் பக்கம் இப்படிச் சொந்தமாக சர்வர் பார்த்துக்கொள்கிறவர்கள் பெருகி வருகிறார்கள். அவர்களுக்கு உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன்.

வேகத்துக்காக நான் இதைத் தேடிப் போகவில்லை. பாவூர்சத்திரத்தில் விடியற்காலை ஏலம் சூடாக நடந்துகொண்டிருக்கும்போது போன் வரும். "தம்பி, பில்லு போட மாட்டேங்கு. என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்பார் கமிஷன் கடை அண்ணாச்சி. சர்வரைப் பார்த்தால் நன்றாகத்தான் ஓடும். அந்தக் கடையின் ஐபிவி4 முகவரியை மட்டும், பாஸ்வேர்டு பலமுறை தப்பானால் முகவரியைத் தடுக்கும் மென்பொருளான ஃபெயில்2பேன் பூட்டி வைத்திருக்கும். தப்பான பாஸ்வேர்டு அடித்தது அண்ணாச்சி கடை ஆள் இல்லை, வேறு யாரோ. செல்போன் கம்பெனிகள் நிறையச் சந்தாதாரர்களை ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் வைத்து வெளியே அனுப்புகின்றன. ஒரு வளவுக்குள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே வாசல் இருப்பது மாதிரி. ஒரு வீட்டுக்காரர் செய்த தப்புக்கு வாசலையே பூட்டினால் மற்றவர்கள் எப்படி வெளியே வருவார்கள்?

ஐபிவி4 முகவரி 32 பிட்தான். மொத்தமே சுமார் 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பில் கடைசியாக மிச்சமிருந்த தொகுதிகளை 2011 பிப்ரவரியில் பங்கிட்டுக் கொடுத்தார்கள். நம் ஆசிய-பசிபிக் பகுதிக்கு முகவரி பங்கிடும் ஏப்னிக் அமைப்பு, அதே வருஷம் ஏப்ரலில் ரேஷன் முறைக்கு மாறிவிட்டது. 2016-இல் வந்த ஜியோ தொடக்கத்திலிருந்தே போன்களுக்கு ஐபிவி6 கொடுத்தது. கூகுள் வெளியிடும் கணக்கைப் பார்த்தால் ஐபிவி6 பயன்பாட்டில் முன்வரிசையில் நிற்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆக, கடைக்காரரின் கையில் இருக்கும் போனில் ஐபிவி6 ஏற்கெனவே இருக்கிறது. அப்போது இல்லாதது என் சர்வரில்தான்.

முதலில் இருந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலில் "ஐபிவி6 உண்டு" என்று போட்டிருந்தது. டிக்கெட் போட்டுக் கேட்டதும் ஒரே ஒரு முகவரி கொடுத்தார்கள், அதாவது ஒரு /128. முகவரியை வைத்துப் பெயரைக் கண்டுபிடிக்கும் ரிவர்ஸ் டிஎன்எஸ் கிடையாது என்றார்கள். அவர்கள் பராமரிப்பு வேலைக்காக என் சர்வரை வேறு மெஷினுக்கு மாற்றிய பிறகு ஐபிவி6 அப்படியே செத்துப்போனது. சப்போர்ட்டில் இருந்தவர், "உங்க ஐபிவி4 வேலை செய்யுதே சார்" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். ஐபிவி6-ஐ ஒரு சேவையாக நடத்தும் நிறுவனம் வேறு, பட்டியலில் ஒரு வரியாக மட்டும் வைத்திருக்கும் நிறுவனம் வேறு. பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். முழு /64, அதாவது முதல் 64 பிட் ஒன்றாக இருக்கும் முகவரித் தொகுதி, தருவார்களா, ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸுக்கான பிடிஆர் ரெக்கார்டை நாமே கண்ட்ரோல் பேனலில் மாற்றலாமா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள்.

அதற்கு நடுவே கொஞ்ச காலம் ஹரிக்கேன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இலவச டன்னலில் ஓட்டினேன். ஐபிவி4 டேட்டா பொட்டலத்துக்குள் ஐபிவி6 பொட்டலத்தை வைத்து அனுப்பும் முறை இது. இலவசமாக இவ்வளவு நல்ல சேவையைத் தருகிறார்களே என்று அவர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் என் டன்னலின் மறுமுனை சிங்கப்பூரில். டவுனில் கிளம்பும் பொட்டலம் சிங்கப்பூர் போய், அங்கிருந்து மும்பைக்கு வரும். போதாததற்கு, டன்னல் தலைப்புக்கு 20 பைட் போய்விடுவதால் ஒரு பொட்டலத்தின் உச்ச அளவான எம்டியூ 1500-இலிருந்து 1480 ஆகிவிடும். வழியில் யாராவது 'பொட்டலம் பெரிது' என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்திகளைத் தடுத்து வைத்திருந்தால் லாகின் பக்கம் டக்கென்று திறக்கும், மாதாந்திர ஸ்டாக் ரிப்போர்ட் மட்டும் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பொட்டலத்தில் ஏற்றும் டேட்டாவின் உச்ச அளவான டிசிபி எம்எஸ்எஸ்ஸை 1420-க்கு இறக்கியதும் அது சரியானது. கடைகள் நம்பி இருக்கும் சர்வருக்கு டன்னல் ஒரு தற்காலிக ஏற்பாடுதான்.

இப்போது இருக்கும் நிறுவனத்தில் சர்வரை உருவாக்கும்போதே /64 சேர்ந்து வந்தது. உண்மையான வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இணையத்தில் துண்டு துண்டாகத்தான் இது கிடைக்கிறது.

சர்வரை ரீபூட் செய்தால் ஐபிவி6 வரும். புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் எழுந்ததும் அது காணாமல் போகும். முகவரி இன்டர்ஃபேஸில் அப்படியே இருக்கும், ஆனால் வெளியே பிங் போகாது. ரூட் பட்டியலைப் பார்த்தால் வெளியே போகும் பொதுவழியைச் சொல்லும் டிஃபால்ட் வரி இருக்காது. காரணம் இதுதான்: டாக்கரில் ஐபிவி6-ஐ இயக்கினால் கர்னலில், பொட்டலங்களை மற்றவர்களுக்குக் கடத்திவிடும் ஃபார்வர்டிங் இயங்கிவிடும். ஃபார்வர்டிங் இயங்கியதும் லினக்ஸ் தன்னையே ஒரு ரூட்டராக எடுத்துக்கொள்ளும். ரூட்டர் இன்னொரு ரூட்டரின் அறிவிப்பைக் கேட்டு வழி அமைக்கக் கூடாது என்பது விதி. அதனால் நிறுவனத்தின் ரூட்டர் அனுப்பும் அறிவிப்பை அது ஒதுக்கிவிடும், அதன் மூலம் கற்ற டிஃபால்ட் வழியும் போய்விடும். கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் அந்த இன்டர்ஃபேஸின் 'ஆக்செப்ட் ஆர்ஏ' மதிப்பு 1 என்று இருக்கும். அதை 2 ஆக்கினால், ஃபார்வர்டிங் இருந்தாலும் அறிவிப்பைக் கேட்டுக்கொள்ளும். கேட்வேயை, அதாவது நிறுவனத்தின் ரூட்டர் முகவரியை, கையால் எழுதி வைத்தாலும் தீரும். நான் கையால் எழுதுவதையே விரும்புகிறேன். ராத்திரியில் ஏதாவது நின்றால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அந்த வரி இருக்கும்.

ஃபயர்வாலில் கவனம் வேண்டும். லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் எழுதிய விதிகள் ஐபிவி4-க்கு மட்டும்தான். ஐபிவி6-க்குத் தனியாக எழுத வேண்டும், அல்லது அதன் புதிய வாரிசான என்எஃப்டேபிள்ஸில் ஐநெட் டேபிளுக்கு மாறினால் இரண்டுக்கும் ஒரே இடத்தில் எழுதலாம். இல்லாவிட்டால் டேட்டாபேஸ் போர்ட் ஒரு பக்கம் பூட்டியும் மறுபக்கம் திறந்தும் கிடக்கும். அதற்காக பயந்து ஐசிஎம்பிவி6-ஐ மொத்தமாகத் தடுத்துவிடாதீர்கள். பக்கத்து ரூட்டரைக் கண்டுபிடிப்பதே அதன் வழியாகத்தான்.

இணையதளத்துக்கு இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் சான்றிதழ் புதுப்பிப்பும் இதில் சம்பந்தப்பட்டது. டிஎன்எஸ்ஸில் ஐபிவி6 முகவரியைச் சொல்லும் நான்கு-ஏ (AAAA) ரெக்கார்டு இருந்தால் அது ஐபிவி6 வழியாகத்தான் முதலில் வந்து பார்க்கும். ஆகவே வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் ஐபிவி6-இலும் 80-ஆம் போர்ட்டைக் கேட்கும்படி வைத்து, சோதித்துப் பார்த்த பிறகே அந்த ரெக்கார்டைப் போடுங்கள். மெயிலை நான் ஐபிவி4-லேயே விட்டுவிட்டேன். ஐபிவி6-இல் வரும் மெயிலுக்கு ஜிமெயில் பிடிஆர் முதலியவற்றைக் கறாராகப் பார்க்கிறது. பில் மெயில் ஸ்பேமுக்குப் போனால் கடைக்காரருக்குத்தான் நஷ்டம்.

நம் புரோகிராமிலும் ஒரு வேலை உண்டு. லாகின் பதிவு டேபிளில் ஐபி முகவரிக்கு 15 எழுத்து மட்டும் ஒதுக்குவது பழைய வழக்கம். ஐபிவி6 முகவரி முழுதாக எழுதினால் 39 எழுத்து வரும். 45 வைத்துவிட்டால் எந்த வடிவத்துக்கும் போதும்.

இத்தனைக்கும் பலன் இருந்ததா என்றால், இருந்தது. மொபைல் நெட்வொர்க்கில் ஒவ்வொரு போனுக்கும் தனி /64 கிடைக்கிறது. பூட்டுவதாக இருந்தால் அந்த /64-ஐ மட்டும் பூட்டும்படி ஃபெயில்2பேனை மாற்றினேன். போன் தன் கடைசி 64 பிட்டை அடிக்கடி மாற்றிக்கொள்ளும் என்பதால் ஒற்றை முகவரியைப் பூட்டிப் பிரயோஜனமில்லை. இப்போது யாரோ ஒருவர் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தால் அவர் போன் மட்டும்தான் நிற்கும். தீபாவளி நேரத்தில் ரதவீதியில் கூட்டம் நெரியும்போதும் பாத்திரக் கடைகளிலிருந்து அந்தப் பழைய புகார் வரவில்லை. லாகைத் திறந்தால் எந்தக் கடை, எந்தப் போன் என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. வேகத்தில் பெரிய வித்தியாசம் எதையும் நான் பார்க்கவில்லை. வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பி வாங்காதீர்கள்.

ஐபிவி4-ஐ முழுதாக விட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். ஆசைதான். அமேசான் 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது, மாசத்துக்கு மூன்றரை டாலருக்கு மேல். சின்ன விபிஎஸ்ஸின் வாடகையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் தென்காசிப் பக்கம் எங்கள் கடைகள் சிலவற்றின் பிராட்பேண்டில் ஐபிவி6 இன்னும் வரவில்லை. கிட்ஹப் தளத்திலிருந்து புரோகிராம் கோடை இழுக்கவும், நான் பார்த்த வரையில், ஐபிவி4 வேண்டியிருக்கிறது. அதனால் மெயின் சர்வரில் இரண்டையும் வைத்திருக்கிறேன். பேக்கப் சர்வருக்கு மட்டும் ஐபிவி4 வாங்கவில்லை. மெயின் சர்வர் ராத்திரியில் ஃபைல் நகலெடுக்கும் ஆர்சிங்க் வழியாக அன்றைய பில்களை அங்கே தள்ளுகிறது, நானும் வீட்டு இணைப்பிலிருந்து ஐபிவி6-லேயே உள்ளே போகிறேன். இதுவரை அந்த சர்வருக்கு ஐபிவி4 வேண்டும் என்று தோன்றவே இல்லை.