மெழுகுவர்த்தி அணைவதற்குள்: ரிக்கோ ஜிஆர் 3 கேமராவுடன் நான்கு ஆண்டுகள்

மகளின் மூன்றாவது பிறந்தநாள் படத்தில் கேக் இருக்கிறது, அதற்கு மேல் மெல்லிய புகை இருக்கிறது, அவள் முகம் அம்மா பக்கம் பாதி திரும்பியிருக்கிறது. அவள் ஊதிய கணம் மட்டும் இல்லை. கன்னத்தை உப்பியதும்தான் நான் பட்டனை அழுத்தினேன். அப்போது கையில் இருந்தது பத்து மடங்கு ஜூம் உள்ள ஒரு சின்ன கேமரா. அழுத்தினால் லென்ஸ் முன்னும் பின்னும் போய் ஃபோகஸைத் தேடும். கண் சிவப்பாக விழக்கூடாது என்று ஃபிளாஷ் முதலில் ஒருமுறை மின்னும். அதற்கப்புறம்தான் படம் விழும். ரெட்-ஐ அமைப்பை அணைத்தாலே கொஞ்சம் நேரம் மிச்சமாகும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. உங்களிடம் பழைய கேமரா இருந்தால் இன்றே அணைத்துப் பாருங்கள்.

புதிது வாங்கக் கடைக்குப் போய், "ஷட்டர் வேகமா இருக்கணும்" என்றேன். "இது 1/4000 வரைக்கும் போகும் சார்" என்றார் அங்கிருந்த தம்பி. அவர் சொன்னது உண்மைதான், ஆனால் நான் கேட்க நினைத்தது அது இல்லை. 1/4000 நொடி என்பது ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விடும் திரை, திறந்திருக்கும் நேரம். எனக்கு வேண்டியது, விரல் அழுத்தியதிலிருந்து ஷட்டர் திறக்கும்வரை ஆகும் தாமதம், அதாவது ஷட்டர் லேக். நொடிக்கு 3 மீட்டர் ஓடிவரும் பிள்ளை, அரை நொடித் தாமதத்தில் ஒன்றரை மீட்டர் தாண்டிவிடும். நொடிக்கு எத்தனை படம் எடுக்கும் என்ற கணக்கும் இதற்கு உதவாது. முதல் படமே தாமதமாக விழுந்தால், அடுத்த பத்தும் கணம் போன பிறகு வருபவைதான்.

இதை அளக்க ஒரு வழி உண்டு. போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, சரியாக 5, 10, 15 நொடி வரும்போது அழுத்திப் படமெடுங்கள். படத்தில் 5.4 என்று விழுந்தால் 0.4 நொடி தாமதம். நம் விரல் முந்திப் பிந்தி அழுத்தும் என்பதால் பத்துப் படமாவது எடுத்துச் சராசரி பாருங்கள். பட்டனை முதலில் பாதி அழுத்தி ஃபோகஸைப் பிடித்துவைத்து ஒரு சுற்று, ஒரே அழுத்தாக ஒரு சுற்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஃபோகஸ் தின்னும் நேரம். தாமதத்தில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது. கடையில் நின்றே இதைச் செய்யலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இப்படி அலைந்துதான் 2021இல் ரிக்கோ ஜிஆர் 3க்கு வந்து சேர்ந்தேன், செகண்ட் ஹேண்டில். 2019இல் வந்த மாடல் இது. 24 மெகாபிக்சல், பெரிய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சார் (படம் பதியும் சில்லு), பேட்டரியும் கார்டும் சேர்த்து 257 கிராம். சட்டைப் பையில் நிற்கும். ஆன் செய்து 0.8 நொடியில் தயார் என்கிறது கம்பெனிக் குறிப்பு.

ஆனால் நான் இதை வாங்கியது ஸ்நாப் ஃபோகஸுக்காக. 1 மீட்டர், 1.5, 2, 2.5 என்று ஒரு தூரத்தை முன்கூட்டியே சொல்லிவைத்துவிடலாம். பட்டனை ஒரே மூச்சில் முழுக்க அழுத்தினால் கேமரா எதையும் தேடாமல் நேராக அந்தத் தூரத்துக்கே போய்ப் படம் எடுக்கும். பாதி அழுத்தினால் வழக்கமான ஆட்டோஃபோகஸ். லென்ஸின் துளையைச் சிறிதாக்கும் எஃப்/8 அமைப்பில் 2 மீட்டர் என்று வைத்தால், ஏறத்தாழ 1 மீட்டரிலிருந்து 30 மீட்டர் தாண்டியும் எல்லாம் தெளிவாக விழும். பகல் வெளிச்சத்தில் தெருவில் நடக்க இதுவே போதும். ஜப்பானின் டைடோ மொரியாமா போன்ற தெருப் புகைப்படக்காரர்கள் ஜிஆர் வரிசையை விடாமல் வைத்திருப்பது ஏன் என்று முதல் வாரத்திலேயே புரிந்தது.

வெளிச்சம் குறைந்தால் கணக்கு மாறும். துளையை முழுக்கத் திறக்கும் எஃப்/2.8இல் அதே 2 மீட்டருக்கு, ஒன்றரை மீட்டரிலிருந்து 3 மீட்டர் வரைதான் தெளிவு. அதனால் தூரத்தைக் கண்ணால் அளக்கப் பழகவேண்டும். நான் வீட்டுக்குள் அளந்து அளந்து பழகினேன். கதவு நிலையிலிருந்து ஊஞ்சல் 2 மீட்டர், சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கம் 1.5. இரண்டு மாதம் பிடித்தது.

என் அப்பா கேமராவைக் கண்டாலே முதுகை நிமிர்த்தி முகத்தை இறுக்கிக்கொள்வார். அவருடைய எல்லாப் படமும் பாஸ்போர்ட் படம்போல இருக்கும். இந்தக் கேமராவை மார்பு உயரத்தில் வைத்து, திரையைக்கூடப் பார்க்காமல் அழுத்தியதில் அவர் பேத்தியோடு வாய்விட்டுச் சிரித்த படம் கிடைத்தது. அம்மா அதைத்தான் ஃப்ரேம் போட்டு மாட்டச் சொன்னார்.

மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போதும் கொண்டுபோனேன். தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் எந்த நொடி திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. தண்ணீர்க் கோடு காற்றில் வளைந்து நிற்பது கண்ணுக்குக்கூடச் சரியாகப் பிடிபடாது, படத்தில் பிடிபட்டது. இந்த மாடலுக்கு மழை, தூசித் தடுப்பு கிடையாது. லென்ஸுக்கு மட்டும் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துத்தான் எடுத்தேன்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. ஜூம் இல்லை. 28 மி.மீ. என்ற அகலமான பார்வை மட்டும்தான், ஆட்களை நெருங்கிப் போயே ஆகவேண்டும். ஃபிளாஷ் இல்லை, 4கே வீடியோ இல்லை. ஒரு சார்ஜுக்கு 200 படம் என்பதே அறிவித்த கணக்கு, நான் எப்போதும் இரண்டு பேட்டரி கூடுதலாக வைத்திருப்பேன். பள்ளி விளையாட்டு விழாவைத் தூரத்திலிருந்து எடுக்கவேண்டும் என்றால், 24-200 மி.மீ. ஜூமும் வேகமான ஃபோகஸும் சேர்ந்த சோனி ஆர்எக்ஸ்100 ஏழாம் பதிப்பைப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் இன்றைய போன்களும் வேகம்தான். பல போன்கள் கேமரா திறந்ததுமே படங்களை நினைவகத்தில் சேர்த்துக்கொண்டே இருக்கும், நாம் தொட்ட கணத்தை அதிலிருந்து எடுத்துக்கொடுக்கும். இரவில், பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கும்போதுதான் அவை தாமதிக்கின்றன.

போன மாதம் மகளுக்குப் பத்தாவது பிறந்தநாள். பெரிய விளக்கை அணைத்தாயிற்று, அடுப்படி வெளிச்சம் மட்டும். எஃப்/2.8, 1/125 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, ஸ்நாப் 1.5 மீட்டர். மேசையின் எதிர்ப்பக்கம் நின்று ஒரே அழுத்து. பத்துச் சுடரும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன, ஒன்றுகூட அணையவில்லை, அவள் கன்னம் முழுக்க உப்பியிருக்கிறது.