அல்சூர் சந்தில் ஒரு பழைய புத்தகக் கடை: லோ-ஃபை தேடிப் போன கதை

பெங்களூருவில் அல்சூர் மெட்ரோவில் இறங்கி சோமேசுவரர் கோயில் பக்கம் நடந்தால், பூக்கடைகள் முடிகிற இடத்தில் ஒரு சந்து வரும். அதில் பெயர்ப்பலகை இல்லாத பழைய புத்தகக் கடை இருக்கிறது. வாசலில் நீட், ஜேஇஇ கைடுகள்தான் அடுக்கியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், சரக்கெல்லாம் உள்ளே பரண்மேல் இருக்கிறது.

நான் காக்ஸ் டவுனில் வீட்டு அறையிலேயே பாட்டுப் பதிவு செய்பவள். லோ-ஃபை இசையைப் பற்றி அந்தக் காலத்துச் சிறு இசை இதழ்கள் என்ன எழுதின என்று ஒரு கட்டுரைக்காக மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்போது லோ-ஃபை என்றால் படிக்கும்போது பின்னால் ஓடவிடும் மெதுவான தாளம் என்றுதான் பலருக்கும் தெரியும். அதற்கு வெகு முன்பே அது படுக்கையறையிலும் கார் ஷெட்டிலும் கேசட்டில் இரைச்சலோடு பதிவான பாட்டு. 1979இல் டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ என்ற பதிவுக் கருவி வந்தபிறகு சாதாரண கேசட்டிலேயே நாலு டிராக் பதிய முடிந்தது. ஸ்டுடியோ வாடகைக்கு வழியில்லாதவர்களும் பாட்டுப் போட ஆரம்பித்தார்கள்.

கடைக்காரர் வாணியம்பாடிக்காரர். "இங்கிலீஷ் மியூசிக் மேகசின் ஏதாவது இருக்குங்களா ஐயா?" என்றேன். "எந்த வருஷத்துதும்மா?" என்று திருப்பிக் கேட்டார். இதற்கு முன் நான் போன கடைகளில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வேறொரு கடையில் இதழ்களின் ஓரத்தை வெட்டி, விளம்பரப் பக்கங்களைக் கிழித்துவிட்டு பைண்டு போட்டு வைத்திருந்தார்கள். எனக்கு வேண்டியதே அந்த ஓரமும் விளம்பரமும்தான்.

இவர் ஏணி போட்டு ஒரு கோணிக்கட்டை இறக்கினார். ஆப்ஷன் இதழ் பதினொன்று, டேப் ஆப் மூன்று, தி வயர் ஒரு கைப்பிடி. "ஒரே வீட்டுதும்மா, கலைச்சிடாதே" என்றார். அமெரிக்காவில் படித்த பையனுடையதாம். அப்பா வீட்டை விற்றபோது எடைக்குப் போட்டிருக்கிறார்கள். இவர் இத்தனை வருஷமும் பிரிக்காமல் வைத்திருந்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே இந்தக் கடைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஆப்ஷன் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1979இல் ஒலிம்பியா என்ற சிறிய அமெரிக்க ஊரில் ஜான் ஃபாஸ்டர் ஓபி என்ற இதழைத் தொடங்கினார். நடத்திய அமைப்பின் பெயர் லாஸ்ட் மியூசிக் நெட்வொர்க். எல், எம், என் என்று அது முடிகிற இடத்தில் ஓ, பி தொடர்கிறது, பெயர்க் காரணம் அவ்வளவுதான். நாம் க இதழ், ங இதழ் என்று போட்டால் எப்படியோ அப்படி, ஒவ்வொரு இதழுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. 26 இதழ்கள் வந்தன, 1984இல் இசட் வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அதன் வாரிசாக 1985இல் வந்தவை ஆப்ஷனும் சவுண்ட் சாய்ஸும்.

ஆப்ஷனின் பின்பக்கங்களை விரித்து வைத்துக்கொண்டு கடை ஸ்டூலிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். பொடி எழுத்தில் விமர்சனங்கள், சிலவற்றின் கடைசியில் பாடினவரின் தபால் முகவரி. கட்டுரைக்கு எனக்கு வேண்டியிருந்தது இதுதான். இந்த இதழ்கள் லோ-ஃபையை ஒரு பாணியாக எழுதத் தொடங்கவில்லை. இன்ன ஊரில் இன்னார் கேசட் போட்டிருக்கிறார், கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஆளைத்தான் காட்டின. எங்கள் ஊர் ரெக்கார்டிங் சென்டரில் அப்பா பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து கேசட்டுக்குக் காத்திருந்தது நினைவுக்கு வந்தது.

லோ-ஃபை என்ற பெயர் மெல்ல மெல்லத்தான் ஒட்டியது. 1986இல் டபிள்யூஎஃப்எம்யூ என்ற அமெரிக்க வானொலியில் வில்லியம் பெர்கர் வீட்டுப் பதிவுகளுக்கென்றே அரை மணி நேர நிகழ்ச்சி நடத்தினார், அதன் தலைப்பு லோ-ஃபை. தொண்ணூறுகளில் அது ஒரு வகையின் பெயராகவே ஆகிவிட்டது. 1996இல் லாரி கிரேன் தொடங்கிய டேப் ஆப் வேறு தினுசு: எந்த மைக், எந்த மெஷின், எந்த அறை என்று கேட்கும். என்னைப் போலப் பதிவு செய்கிறவர்களுக்கு அது விருந்து. அந்தக் கோணிக்கட்டில் கிடைத்த 2009 ஆகஸ்ட் வயரில் டேவிட் கீனன் ஹிப்னகாஜிக் பாப் என்ற அரைத்தூக்க மயக்க இசை பற்றி எழுதியிருக்கிறார். வேறு வழியில்லாமல் வந்த தேய்ந்த ஒலி, பழைய ஞாபகத்தைக் கிளறுவதற்காக வேண்டுமென்றே சேர்க்கும் பொருளாக அதற்குள் மாறியிருந்தது.

குறைகளும் உண்டு. ஒரே ஒரு டியூப் லைட். ஈரவாடை, துருப்பிடித்த பின்கள், இரண்டு இதழ்களில் பூச்சி அரித்த ஓட்டை. பில் கிடையாது. போனில் படம் எடுக்க விடமாட்டார், வாங்கினால்தான் உண்டு. ஒன்று 60 ரூபாய் என்றார், மொத்தமாக எடுத்ததால் 900க்குக் கொடுத்தார். ஞாயிறு மத்தியானம் போகாதீர்கள், பூட்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்து விளக்கடியில் பார்த்தபோதுதான் பென்சில் குறிகள் தெரிந்தன. சில முகவரிகளுக்குப் பக்கத்தில் டிக். சிலவற்றில் சின்னதாக, தமிழில், "அனுப்பியாச்சு". ஏழு இடத்தில் அதற்கும் கீழே "வந்தது".

மறுநாளே போய்க் கேட்டேன். "கேசட்டா? ஒரு அட்டைப்பெட்டி வந்த ஞாபகம் இருக்கும்மா. சனிக்கிழமை வா, மேலே ஏறிப் பார்க்கிறேன்" என்றார். எஸ்.பி. ரோட்டில் வாக்மேனைக் கொடுத்து பெல்ட் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.